நன்மை செய்யும் நூற்புழு

நூற்புழு என்றதும் புத்தூர் அங்கத்தினர்களுக்கு வாழை வேரைக் கெடுக்கும் பகையே நினைவுக்கு வரும். ஆயின், பூச்சிகளை மட்டுமே கொல்லும் நூற்புழு இனங்களும் உள. அவற்றுள் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்பது நம் கோயம்புத்தூரில் கண்டறியப்பெற்று, 1992-ஆம் ஆண்டில் பெயரிடப்பெற்றது. நிலக்கடலை, கரும்பு முதலியவற்றின் வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவின் உடலுள் நுழைந்து, தான் சுமந்துள்ள பாக்டீரியாவை விடுத்து, ஓரிரு நாளில் அதனை மாய்ப்பது, பயிரைத் தீண்டாதது.

எனினும் இஃது உயிருள்ள சரக்கு. வெயிலும் வறட்சியும் இதற்கு ஆகா. நாட்பட்ட சரக்கால் சங்கப் பணம் வீணாவதைக் கிடங்குகளைத் தணிக்கை செய்யும் நாம் அறிவோம். ஆதலின், சங்கம் தேவையை முன்னரே திரட்டிப் புதுச்சரக்கை வருவித்து உடனே வழங்குக. உழவர் அதனை மாலையில் ஈரமண்ணில் இடுக. தனியொருவர்க்கு அரிதான இவ்வொழுங்கு கூட்டுறவுக்கு எளிதென்பதே நமது துணிபு.