வாழை வேரில் ஒரு பார்ட்னர்: டிஏபி கொட்டினால் ஏன் ஒதுங்கிவிடுகிறது?

ஸ்ரீரங்கம் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் வாழைத் தோட்டங்கள் வெறும் செல்ஃபி பேக்ரவுண்ட்தான். ஆனால், அந்த மண்ணுக்கடியில் தினமும் ஒரு பண்டமாற்று நடக்கிறது.

வாழை வேருக்குள் குடியிருக்கும் ஒருவகைப் பூஞ்சை, மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுத்துக் கொடுக்கிறது. கூலியாக, இலை தயாரிக்கும் சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. விவசாயிகள் 'வேம்' என்று பாக்கெட்டில் வாங்கும் உயிர் உரம் இதுதான்.

வேருக்கு எதற்கு இந்த உதவி? மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. பக்கத்தில் ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை வேர் உறிஞ்சிவிட்டால் அங்கே காலி. முடியைவிட மெல்லிய பூஞ்சை இழைகள்தான் சில சென்டிமீட்டர் தள்ளிப் போய் எடுத்துவருகின்றன.

குளிர்நாடுகளில் இந்தக் கூட்டணி இல்லாமல் காடே இல்லை. பின்லாந்து, கனடா பைன் காடுகளில் குளிரால் உதிர்ந்த இலை மட்கவே பல வருஷம் ஆகும். அதில் முடங்கிக்கிடக்கும் தழைச்சத்தை மரத்துக்குக் கொண்டுவருவது வேறொரு வகை வேர்ப்பூஞ்சை. அங்கே உரக்கடை கிடையாது.

திருச்சியில் இருக்கிறது. சிக்கலே அதுதான். டிஏபியில் மணிச்சத்து 46 சதவீதம். அது மண்ணில் தாராளமாகக் கிடைத்தால், வாழை பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேலை இல்லாத ஆளுக்கு சம்பளம் கொடுக்க வாழை ஒன்றும் ஏமாளி இல்லை! ஆக, வேம் பாக்கெட்டும் வாங்கி, டிஏபியையும் குறைக்காமல் போடுகிறவர் இரண்டு செலவு செய்து ஒன்றின் பலனைத்தான் பார்க்கிறார்.

இதில் விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரசு மானியத்தில் டிஏபி விலை குறையும்போது, மூட்டையைக் குறைக்க யாருக்குத் தோன்றும்? மண்வள அட்டைத் திட்டம் 2015-லேயே வந்துவிட்டது. அட்டையில் மணிச்சத்து அளவும் இருக்கிறது. அதைப் பார்த்து, 'உங்க மண்ணுக்கு வேம் தேவையா, டிஏபியை எவ்வளவு குறைக்கலாம்' என்று விற்பவர் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் வரட்டும். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கும் ஊர் திருச்சி. இங்கேயே அதைத் தொடங்கலாம்.

இன்னொன்று. வேம் பொடியை மேலாகத் தூவினால் பிரயோஜனம் குறைவு. நடும்போதே குழியில், வேர் தொடும் இடத்தில் போட வேண்டும். வாடல் நோய்க்குப் பயந்து கன்றைப் பூஞ்சைக்கொல்லியில் முக்கி நட்டால், அந்த மருந்து இந்த நல்ல பூஞ்சையையும் அடக்கிவிடலாம். எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.