'துப்பாக்கி' படமும் தரம் 9 பிள்ளைகளும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாள் லீவில் டீவியில் மறுபடியும் 'துப்பாக்கி' போட்டார்கள். லீவு முடிந்த முதல் நாள் இடைவேளையில் தரம் 9 பொடியன்மார் அதைத்தான் விளையாடினார்கள். ஒருவன் விஜய். இன்னொருவன் 'ஸ்லீப்பர் செல்'. அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, "சொல்லுடா, குண்டு எங்க?" என்று கேட்கிறான். விளையாடிய எல்லாரும் நம்ம பிள்ளைகள். ஸ்லீப்பர் செல்லாக யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? வகுப்பில் தொப்பி போட்டு வரும் ஒரே பிள்ளையை.

"படம்தானே சேர், விடுங்க" என்கிறார்கள். விடலாம்தான். ஆனால் 2012இல் இந்தப் படம் வந்தபோது நாம் எதற்குக் கோபப்பட்டோம்? தாடிக்கும் பெயருக்கும். தமிழ்நாட்டில் எதிர்ப்பு வந்து சில காட்சிகளை வெட்டினார்கள், நாமும் அடங்கிவிட்டோம். வில்லனுக்கு வேறு பெயர் இருந்திருந்தால் நாமும் விசில் அடித்திருப்போம். என்கவுண்டர் பொலிஸ் படங்களுக்கு அடிக்கிறோமே!

கதையைப் பாருங்கள். லீவில் மும்பைக்கு வந்த இராணுவ அதிகாரி ஒருவனைப் பிடிக்கிறார், தன் வீட்டிலேயே அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறார். வாரண்ட் இல்லை, நீதிமன்றம் இல்லை. பிறகு 12 பேர் ஒரே நேரத்தில் 12 பேரைச் சுடுகிறார்கள். முஸ்லிம் பெயருள்ள மேலதிகாரி ஒருவர் வருகிறார், அவரும் துரோகி. இத்தனைக்குள்ளும் ஒரு தடவையாவது தவறான ஆள் மாட்டுகிறானா? இல்லை. தாடியை விடப் பெரிய பொய் அதுதான்.

நம் நாட்டில் என்ன நடந்தது? 2018 நவம்பர் கடைசியில் வவுணதீவில் இரண்டு பொலிஸாரைக் கொன்றார்கள். முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வழக்கு முடிந்த மாதிரி. உண்மையில் செய்தது ஸஹ்ரானின் கும்பல் என்று தெரியவந்தது ஈஸ்டருக்குப் பிறகு. தவறான ஆள் உள்ளே இருந்த அந்த மாதங்களில் கொலைகாரர்கள் வெளியே குண்டு செய்துகொண்டிருந்தார்கள். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கொன்றவர்கள் நம் பெயர் தாங்கியவர்கள். அதை நாம் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது.

ஆனால் அதைத் தடுக்கச் சித்திரவதையா தேவைப்பட்டது? 2017இல் காத்தான்குடி மோதலுக்குப் பிறகு ஸஹ்ரானைப் பற்றி முறைப்பாடு செய்தவர்கள் முஸ்லிம்கள். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. கடிதம் மேசைக்கு மேசை போனது. அந்த அலட்சியத்துக்காகத்தான் 2023இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. சாய்ந்தமருதில் அந்தக் குடும்பம் ஒளிந்திருந்த வீட்டைக் காட்டிக் கொடுத்ததும் சந்தேகப்பட்ட ஊர் மக்களே. பக்கத்து வீட்டாருக்குப் பொலிஸில் நம்பிக்கை இருந்தால்தான் அப்படித் தகவல் வரும். விரலை முறித்தால் அந்த வாய்தான் மூடும்.

விரல் முறிக்கும் கதாநாயகனைக் கைதட்டி வளர்த்த நாட்டில் பயங்கரவாதத் தடைச் சட்டம் யாரைத் தேடி வந்தது? நம்மைப் போல ஓர் ஆசிரியரை, கவிஞர் அஹ்னாப் ஜஸீமை. 'நவரசம்' என்ற கவிதைப் புத்தகத்துக்காக 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை உள்ளே. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவருக்காக நம்மில் எத்தனை பேர் ஒரு ஸ்டேட்டஸ் போட்டோம்? பயந்து நாமும் அடுத்த பக்கம் பார்த்தோமே.

படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. தடை கேட்டுக் கேட்டே நம் பெயர் கெட்டது. வாப்பாமார் உம்மாமார் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சித்திரவதைக் காட்சியில் நிறுத்தி, "இவன் தவறான ஆளாக இருந்தால்?" என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் திங்கட்கிழமை வகுப்பில் கேட்கப் போகிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது தொப்பியைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு வருகிறான். உம்மாவுக்கு இன்னும் தெரியாது.