ஐந்து ஸ்பீக்கரும் ஒரு நாற்காலியும்

கடன் பிரிவில் அமர்ந்திருப்பவன் வாடிக்கையாளரிடம் 'இந்தக் கடன் வேண்டாம்' என்று சொல்வது வழக்கமில்லை. ஆயினும், வீட்டில் திரையரங்கு போன்ற ஒலியமைப்பை நிறுவத் தனிநபர் கடன் கேட்டு வருவோரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: நீங்கள் அமர்ந்து கேட்கப்போகும் நாற்காலி அறையில் எங்கே இருக்கிறது? சம்பளச் சான்றைக் கேட்க வேண்டியவர் நாற்காலியைக் கேட்கிறாரே என்று பலர் சிரித்துவிடுவர். சொந்தப் பணத்தைச் செலவழித்து நான் கற்றுக்கொண்ட கேள்வி அது.

போபாலில் பணியாற்றியபோது, மகனின் கணினி விளையாட்டுக்கும் குடும்பத்தார் படம் பார்ப்பதற்குமாக 5.1 வகை ஒலியமைப்பு ஒன்றைத் தவணையில் வாங்கினோம். முன்புறம் மூன்று, பின்புறம் இரண்டு ஸ்பீக்கர்கள், கனத்த ஓசைக்கென ஒரு சப்வூஃபர். கடையிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரத்தில் மாட்டிவிட்டுச் சென்றார். எல்லா ஸ்பீக்கர்களிலும் சத்தம் வந்தது, நாங்களும் மகிழ்ந்தோம். எட்டாவது தவணை கட்டிய மாதத்தில் மகன் கேட்டான்: "அப்பா, எதிரி பின்னால் வரும்போதும் காலடிச் சத்தம் முன்னாலும் கேட்கிறதே, அது எப்படி?"

ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. கணினியின் ஒலி அமைப்பில் 'ஸ்டீரியோ', அதாவது இரண்டே ஸ்பீக்கர், என்று குறிக்கப்பட்டிருந்தது. ரிசீவரோ, வந்துசேரும் இரண்டு தடங்களையே எல்லா ஸ்பீக்கர்களிலும் ஒலிக்கவிடும் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. எட்டு மாதங்களாக நாங்கள் கேட்டது சூழொலியே அன்று. முன்னால் கேட்டதன் நகல்தான் பின்னாலும் கேட்டது. கணினியையும் ரிசீவரையும் இணைத்தது ஓர் ஆப்டிகல் கேபிள். திரைப்படத்தின் ஒலி டால்பி போன்ற முறையில் முன்னரே சுருக்கப்பட்டு வருவதால் ஆறு தடங்களும் அக்கேபிளில் அடங்கிவிடும். விளையாட்டின் ஒலி அந்தந்தக் கணத்தில் உருவாவது. கணினியே அதைச் சுருக்கித் தரும் வசதி இல்லாவிட்டால், ஆப்டிகல் கேபிள் இரண்டு தடங்களை மட்டுமே சுமக்கும். கணினியிலிருந்து ரிசீவருக்கு ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிளை இணைத்து, ஒலி அமைப்பில் 5.1 என்று மாற்றி, ரிசீவரையும் உரிய நிலைக்குத் திருப்பியதும் குறை நீங்கியது. செலவு ஒரு கேபிளின் விலை மட்டுமே.

அதன்பின் புணேக்கு இடமாற்றம். அதே கருவிகள், அதே கேபிள்கள். ஆனால் புதிய வீட்டின் கூடத்தில் வசனம் தெளிவாக இல்லை. வெடிச் சத்தம் மட்டும் வயிற்றைக் கலக்கியது. புதிய ஸ்பீக்கர் வாங்கலாமா என்று யோசித்த வேளையில்தான், சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடப்பதைக் கவனித்தேன். கனத்த ஓசை சுவரோரத்தில் பெருகி நிற்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். எங்கள் கூடமோ அதைவிடச் சிறியது. அத்தகைய அலை சுவர்களில் மோதித் திரும்புகையில் ஓரிடத்தில் வலுக்கும், வேறோரிடத்தில் அடங்கும். சோபாவை மூன்றடி முன்னே இழுத்தேன். பிறகு சப்வூஃபரைச் சோபாவின்மேல் தூக்கி வைத்து, பாட்டை ஓடவிட்டுத் தரையில் தவழ்ந்து, ஓசை சீராகக் கேட்கும் இடத்தைத் தேடினேன். என் மனைவி வாயிலில் நின்று சிரித்தது வேறு கதை. அப்படிக் கண்ட இடத்தில்தான் சப்வூஃபர் இன்றும் இருக்கிறது.

மற்ற ஸ்பீக்கர்களுக்கும் அளவுகோல் நாற்காலிதான். அதில் அமர்ந்து நேரே நோக்கினால், முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 பாகையிலும், பின் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் அமைய வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதாவது 'பின்' ஸ்பீக்கர் என்பது முதுகுக்குப் பின்னால் அன்று, தோளுக்குச் சற்றே பின்னால். அதை ஷோகேஸின் உச்சியில் ஏற்றிவைப்பது அலங்காரத்துக்கு உதவலாம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஐந்துக்குப் பதில் ஏழு, ஒன்பது என்று ஸ்பீக்கர்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. அந்த வட்டி, உங்களுக்குக் கிடைக்காமற்போன தள்ளுபடியிலோ செயலாக்கக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். கடன் அட்டைத் தவணையானால் வட்டிப் பகுதியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும். இந்தப் பொருளோ, வீட்டைப் போல ஒரே நாளில் முழுவதும் வாங்கியாக வேண்டியதும் அன்று. ஐந்து தட ரிசீவர் ஒன்றும் நல்ல ஸ்பீக்கர் இரண்டும் இருந்தால் தொடங்கிவிடலாம். நடு ஸ்பீக்கர் இல்லையென்று ரிசீவரிடம் குறித்துவிட்டால், வசனத்தை அது முன்னிரண்டுக்கும் பகிர்ந்தளிக்கும். எஞ்சியவற்றுக்கு மாதந்தோறும் ஒரு தொடர் வைப்பில் பணம் சேர்க்கலாம். நம் வங்கியில்தான் சேர்க்க வேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை!

தனியே விளையாடுபவருக்கு அதுவும் தேவையில்லை என்பேன். காது இரண்டுதான். விண்டோஸ் கணினியில் கட்டணமின்றியே கிடைக்கும் விண்டோஸ் சோனிக் வசதியைச் சாதாரண ஹெட்போனோடு பயன்படுத்தினாலே முன், பின் வேறுபாடு ஓரளவு புலப்படும். அடுக்குமாடியில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. சப்வூஃபரின் ஓசை சுவரையும் தளத்தையும் எளிதில் கடந்துவிடும். எங்கள் கீழ்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருக்கிறாள். இரவு ஒன்பதரைக்கே அந்தப் பெட்டியை அணைத்துவிடுகிறோம்.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் என் கேள்வியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, கூடத்தை அளந்து தாளில் வரைந்துகொண்டு வந்தார். இடப்பக்கப் பின் ஸ்பீக்கர் வரவேண்டிய இடத்தில் சமையலறைக் கதவு. கடன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சோபாவை எந்தச் சுவர்ப்பக்கம் திருப்பலாம் என்று என்னிடமே கேட்டார். இருவருமாக அந்தத் தாளைக் கால்மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.