கேலன் கணக்கும் வீட்டுக் கணக்கும்

எண்கள் பொய் சொல்லா என்பர். அளவை மாறினால் அவையும் ஏமாற்றும் என்பதை ஜொகூரில் எங்கள் வீட்டிலேயே உணர்ந்தேன்.

எங்களிடம் அப்பாவின் வேன், என் மகிழுந்து என இரு வாகனங்கள். ஒன்றை மட்டுமே மாற்ற வசதி. நான் விரும்பிய மகிழுந்து கேலனுக்கு 47 மைல் ஓடும் என அமெரிக்க ஏடு ஒன்றில் படித்துத் துள்ளினேன்.

‘கட்டை’ கணக்கில் வளர்ந்த அப்பா, “எந்தக் கேலன்டா?” என்றார். நியாயமான கேள்வி! நம் நாட்டில் முன்பு புழங்கிய ஆங்கிலேயக் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர்தான். 235ஐ அமெரிக்க மைல் எண்ணால் வகுத்தால் 100 கிலோமீட்டருக்கு ஆகும் லிட்டர் கிடைக்கும். 47 மைல் என்பது 5 லிட்டர். ஆங்கிலேயக் கேலன் என்றால் 6 லிட்டர்!

என் மகிழுந்து லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும், புதியது 20. அப்பாவின் வேன் 8. மாற்று வேன் 10. “என் பக்கம்தானே இலாபம் அதிகம்?” என வாதிட்டேன். லிட்டரில் கணக்கிட்டதும் வாயடைத்துப் போனேன். 100 கிலோமீட்டருக்கு என் மகிழுந்தில் மிச்சம் 1.25 லிட்டர், வேனிலோ 2.5 லிட்டர். இருவரும் ஓட்டும் தூரமோ ஏறக்குறைய ஒன்றே.

வேனைத்தான் மாற்றினோம்.

நண்பர்களே, பெட்ரோலுக்கு நாம் பணம் கொடுப்பது மைலுக்கன்று, லிட்டருக்கே. எனவே, விளம்பரங்களும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றே சொல்லட்டும். அதுவரை நாமே வகுத்துப் பார்ப்போம்!