கூடையில் வாடும் நாகம்

பாம்பாட்டியின் கூடையில் இருக்கும் நாகத்தின் கதை சோகக் கதை! பல்லைப் பிடுங்குகிறார்கள். வாய் புண்ணாகிறது. பல நாள் பட்டினி. தாகத்தால் தவிக்கும் அது பாலையும் குடித்துவிடும். ஆனால் பால் அதற்குச் செரிக்காது.

கைவிடப்பட்ட அத்தகைய நாகம் ஜவ்வாது மலையில் உங்கள் வாசலுக்கு வந்தால்? இரக்கப்பட்டு வளர்க்கலாமா? கூடாது! 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். ஆபத்தும் உண்டு. பிடுங்கிய நச்சுப்பல் மீண்டும் முளைக்கும்!

தொடாதீர்கள். குழந்தைகளை விலக்குங்கள். வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். அதுவே உண்மையான இரக்கம்.

சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. அரசு அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்தபின் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்போடு பழகியவர்களே வைத்துக்கொள்ளாத பாம்பு நமக்கு எதற்கு?