விசுவாசம் ஆட்டக்காரருக்கு மட்டும்தானா?

கால்பந்து வீரர் சுனில் சேத்ரி இந்திய அணியில் இருந்து இரண்டு முறை ஓய்வு பெற்றிருக்கிறார். முதல் முறை 2024-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி, கொல்கத்தாவில் குவைத் அணியுடன் கோல் இல்லாமல் முடிந்த ஆட்டத்தோடு. இரண்டாவது முறை 2025 நவம்பரில். நடுவில் அவர் திரும்பி வந்தார், ஒரு கோல் போட்டார். ஆனாலும் இந்தியா 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற முடியாமல் வெளியேறியது.

அவர் போனதும் வந்ததும் மறுபடி போனதும் பெங்களூர் ரசிகர்களிடையே ஒரு வழக்கையே உண்டாக்கிவிட்டது. ஆஸ்டின் டவுன், கௌதமபுரம், அல்சூர் போன்ற தமிழர் அதிகம் வாழும் பகுதிகளில் கால்பந்து பேசாத டீக்கடை கிடையாது. அங்கே இந்த வழக்கில் மூன்று கட்சிகள்.

"2013-ல் இருந்து பெங்களூர் எப்.சி.யை விட்டுப் போகாதவர். இப்படி ஒரு விசுவாசமான ஆட்டக்காரர் உண்டா?" என்பது முதல் கட்சி. "நாற்பது வயதுக்குப் பிறகும் இடத்தை விடவில்லை என்றால் பையன்கள் எப்போது மேலே வருவது?" என்பது இரண்டாவது கட்சி. "அவர் மேல் என்ன தப்பு? ஆளை உருவாக்கத் தெரியாத பயிற்சியாளர்களைக் கேளுங்கள்" என்பது மூன்றாவது கட்சி.

மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்று கட்சியாரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. விசுவாசம் என்பது ஆட்டக்காரர் கிளப்புக்குச் செலுத்தவேண்டிய கடன் என்று மட்டுமே பேசுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்து அவருக்கு வரவேண்டியது என்ன என்று கேட்பதில்லை.

ஊர் ஊராகச் சுற்றியவர்

முதலில் சேத்ரியின் கணக்கையே பார்ப்போம். ஒரே கிளப்பின் அடையாளமாகப் பேசப்படும் இவர், பெங்களூருக்கு வருவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நாடோடியாகவே ஆடினார். 2002-ல் மோகன் பகான். 2005-ல் பஞ்சாபின் ஜே.சி.டி. 2008-ல் ஈஸ்ட் பெங்கால். பிறகு கோவாவின் டெம்போ. 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி. திரும்பி வந்து சிராக் யுனைடெட், மறுபடி மோகன் பகான். 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப். 2013 தொடக்கத்தில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்.

இதை வைத்து, அந்த நாளில் அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லலாமா? அவர் ஆடிய ஜே.சி.டி. அணியே 2011-ல் கலைக்கப்பட்டுவிட்டது. பம்பாயின் மகிந்திரா யுனைடெட் அதற்கு முந்திய ஆண்டே மூடப்பட்டது. கம்பெனிக்கு விருப்பம் இருக்கும் வரை அணி, இல்லாவிட்டால் பூட்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஆட்டக்காரர் வேரூன்றவில்லை என்று குறை கூறுவது நியாயம் ஆகாது.

2013-ல் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூர் எப்.சி.யைத் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே அணி ஐ-லீக் பட்டம் வென்றது. ஒழுங்கான பயிற்சி, ஒழுங்கான சம்பளம், திரண்டு வந்த ரசிகர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. நாடோடி அங்கே தங்கிவிட்டார். 2015-ல் ஐ.எஸ்.எல். ஏலத்தில் மும்பை சிட்டி அணி 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு அவரை எடுத்தது. பெங்களூர் அப்போது ஐ-லீக்கில் ஆடியதால், ஐ.எஸ்.எல். நடந்த மாதங்களில் மட்டும் மும்பைக்கு ஆடிவிட்டுத் திரும்பினார். ஆள் மாறவில்லை, அவருக்குக் கிடைத்த இடம் மாறியது.

அந்தக் காலத்து விசுவாசம்

"அந்தக் காலத்தில் பணத்துக்காகவா ஆடினார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆனால் அந்தக் காலத்திலும் திறமைசாலிகள் ஊரை விட்டுப் போனார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் மோகன் பகானுக்கு ஆடியவர். பெங்களூரில் பிறந்த அகமது கான் 1949-ல் ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து, அந்த அணியின் புகழ்பெற்ற ஐந்து முன்வரிசை வீரர்களில் ஒருவரானார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூரில் தொடங்கி கல்கத்தாவுக்குப் போனவரே.

கல்கத்தாவில் அணி மாறும் பருவம் வந்தால், எதிர்க் கிளப்பார் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று ஆட்டக்காரர்களைக் கிளப்பார் மறைத்து வைத்த கதைகள் நிறைய உண்டு. விசுவாசம் தானாக வழிந்த காலமாக இருந்தால் ஆளை ஒளித்து வைக்கவேண்டிய அவசியம் என்ன?

பெங்களூரிலேயே தங்கியவர்களும் இருந்தார்கள். ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலை அணிகளில் ஆடியவர்கள் அவர்கள். காலையில் மைதானம், பிறகு வேலை. கால் தளர்ந்தபிறகும் மேஜையும் நாற்காலியும் இருந்தன, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, முடிவில் பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்தன. அதனால் முப்பத்தைந்து வயதில் அவர்கள் பூட்சைக் கழற்றி வைக்கப் பயப்படவில்லை. இளைஞருக்கு இடம் கிடைத்தது. மூத்தவருக்கும் சோறு இருந்தது. வேலை நிரந்தரமாக இருந்ததால் மனமும் நிரந்தரமாக இருந்தது என்பதைத் தொழிலாளர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

பயிற்சியாளர்களின் வழி

அடுத்தது பயிற்சியாளர்கள் விவகாரம். பெங்களூர் எப்.சி.க்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி. இங்கிலாந்துக்காரரான ஆஷ்லி வெஸ்ட்வுட் உடல் தகுதியிலும் கட்டுப்பாட்டிலும் கண்டிப்பானவர். மூன்று ஆண்டுகளில் இரண்டு ஐ-லீக் பட்டம் வாங்கித் தந்தார். ஸ்பெயினில் இருந்து வந்த ஆல்பர்ட் ரோகா பந்தை விடாமல் கைமாற்றி ஆடும் முறையைக் கொண்டுவந்தார், 2016-ல் ஏ.எப்.சி. கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்திய கிளப் என்ற பெருமை கிடைத்தது. அவரிடம் உதவியாளராக இருந்த கார்லஸ் குவாத்ராத் காலத்தில் 2018-19 ஐ.எஸ்.எல். பட்டம் வந்தது.

இந்த மூவருக்கும் சேத்ரியை எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லை. அவர் முழு பலத்தோடு இருந்த காலம் அது. வயதான ஆட்டக்காரரை என்ன செய்வது என்ற உண்மையான சோதனை 2022-ல் வந்த சைமன் கிரேசனுக்குத்தான் ஏற்பட்டது.

அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். 2022-23 ஐ.எஸ்.எல். போட்டியின் பிற்பகுதியில் சேத்ரியை மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வைத்தார். முன்வரிசையில் இறங்கியவர் சிவசக்தி நாராயணன். காரைக்குடி பக்கம் கண்டனூரைச் சேர்ந்தவர். 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலைப் போட்டு, பெங்களூர் 2-1 என்று வெல்ல வழி செய்தவர்.

சேத்ரி முகம் சுளிக்கவில்லை. 2023 மார்ச் 3-ந் தேதி கேரளா பிளாஸ்டர்சுடன் நடந்த ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கூடுதல் நேரத்தில் சட்டென்று பிரீ கிக் அடித்துக் கோல் போட்டார். அதை ஒப்புக்கொள்ளாமல் கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. அதே மாதம் 18-ந் தேதி கோவாவில் நடந்த இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சிவசக்தி காயம்பட்டு வெளியேற, அவர் இடத்தில் இறங்கியவர் சேத்ரி. பெனால்டியில் ஒரு கோலும் போட்டார். 2-2 என்று முடிந்த அந்த ஆட்டத்தை பெனால்டி ஷூட்-அவுட்டில் மோகன் பகான் வென்றது.

பையனும் ஆடினான், பெரியவரும் பயன்பட்டார். "மூத்தவர் இருந்தால் இளையவருக்கு வழியில்லை" என்ற இரண்டாவது கட்சியின் வாதத்துக்கு இதுவே பதில். ஆனால் அடுத்த ஆண்டு தோல்விகள் வந்தன. 2023 டிசம்பரில் மும்பையிடம் 4-0 என்று தோற்றதும் கிரேசன் நீக்கப்பட்டார். ஆளை உருவாக்கும் வேலைக்கு வருஷங்கள் வேண்டும். பயிற்சியாளருக்குக் கிடைப்பதோ சில மாதங்கள். அவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எப்படி?

இந்திய அணியில் நடந்தது

அந்தப் பொறுமையின்மையின் விளைவு இந்திய அணியில் தெரிந்தது. 2025 மார்ச்சில் பயிற்சியாளர் மனோலோ மார்க்வெஸ், ஓய்வு பெற்றிருந்த சேத்ரியை மறுபடி அழைத்தார். மார்ச் 19-ந் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவை இந்தியா 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் தமது 95-வது சர்வதேச கோலைப் போட்டார். ஆறு நாள் கழித்து அதே மைதானத்தில் வங்காளதேசத்துடன் தகுதி ஆட்டம். யாருமே கோல் போடவில்லை.

மார்க்வெஸ் செய்தது தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் 2024-25 ஐ.எஸ்.எல். போட்டியில் இந்திய ஆட்டக்காரர்களிலேயே அதிக கோல் போட்டவர் யார்? 14 கோல் போட்ட நாற்பது வயது சேத்ரிதான். 2025 ஏப்ரலில் அரை இறுதியில், இதே மார்க்வெஸ் பயிற்சி கொடுத்த கோவா அணியைக் கடைசி நேரத்தில் தலையால் முட்டிய கோலால் வெளியே அனுப்பியவரும் அவரேதான்.

காரணம் தெரிந்ததே. ஐ.எஸ்.எல்.லில் ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரை மைதானத்தில் இறக்கலாம். பெரும்பாலான கிளப்புகள் அதில் ஒருவரை கோல் போடும் இடத்திலேயே நிறுத்துகின்றன. இந்தியப் பையன் ஓரத்தில் ஓடுகிறான், பந்தை எடுத்துக் கொடுக்கிறான்; கோல் அடிக்கும் பழக்கம் அவனுக்கு வருவதில்லை. சேத்ரி யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆளை யாரும் தயார் செய்யவில்லை.

2025 ஜூனில் ஹாங்காங்கிடம் 1-0 தோல்வி. மார்க்வெஸ் விலகினார். காலித் ஜமில் வந்தார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவில் 2-1 என்று தோற்றதும் கதவு மூடியது. அடுத்த மாதம் சேத்ரியின் இரண்டாவது ஓய்வு.

சம்பளம் நின்றபோது

இவ்வளவுக்கும் நடுவே நடந்த ஒரு சம்பவம் இந்த வழக்கில் பெரிய சாட்சி. ஐ.எஸ்.எல்.லை நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு ஏற்படாததால், அந்த ஆண்டு ஜூலையில் போட்டியே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் எப்.சி., முதன்மை அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையறை இன்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது.

கிளப்பைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. போட்டி நடக்குமா என்றே தெரியாதபோது அதற்கும் சங்கடந்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டு நிலைத்து நின்ற மூத்தவருக்கும், போன வருஷம் சேர்ந்த பையனுக்கும், மைதானத்துப் புல்லைக் கவனிக்கும் ஊழியருக்கும் அன்று வந்த செய்தி ஒன்றுதான். லே-ஆப் என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

பெரிய ஆட்டக்காரர் சேமிப்பில் சமாளிப்பார். மாதச் சம்பளத்தை நம்பி, ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் இருபது வயது ஆட்டக்காரர் என்ன செய்வார்? நாளை வேறு கிளப் கூப்பிட்டு அவர் போனால், அவரைத் துரோகி என்று கூச்சல் போட யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆகவே சேத்ரி நல்லவரா, அவர் எப்போது போயிருக்கவேண்டும் என்ற பட்டிமன்றத்தில் முடிவு காண முடியாது. கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஆட்டக்காரருக்கு ஒப்பந்தப்படி சம்பளம் தடையில்லாமல் கிடைக்க என்ன உத்தரவாதம்? பயிற்சியாளருக்கு இரண்டு தோல்வியைத் தாண்டி அவகாசம் உண்டா? இந்தியப் பையனுக்குக் கோல் அடிக்கும் இடத்தில் நின்று ஆட எந்தப் போட்டி வாய்ப்புத் தருகிறது?

கௌதமபுரத்தில் பீலேக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருப் பையன்களுக்குப் பந்து மேல் உள்ள விசுவாசத்தை யாரும் சந்தேகிக்க முடியாது. அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று பதில் சொல்லவேண்டியவை கிளப்புகளும் கால்பந்து சம்மேளனமுமே.