நஜீஸ் எது? நாயா, நம் அலட்சியமா?



போச்சம்பள்ளிப் பக்கத்து இளைஞர் ஒருவர். பட்டம் பெற்றவர், ஐவேளைத் தொழுகையை விடாதவர். வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு, வேலைக்குப் போன இடத்தில் கன்னடம் என நான்கு மொழிகள் அவருக்கு வரும். பெங்களூரில், தெருவிலங்குகளைப் பற்றி வரும் தொலைபேசி அழைப்புகளை ஏற்று, உரிய இடத்திற்கு ஆட்களையும் வண்டியையும் அனுப்பி வைக்கும் பணியில் இருந்தார். பெண் பேசி முடித்து, நாள் குறிக்க அமர்ந்த வேளையில், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “மாப்பிள்ளைக்கு நாய் பிடிக்கிற ஆபீஸிலா வேலை? நஜீஸோடு புழங்குகிற தொழிலாயிற்றே!” அத்துடன் அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

சில மாதங்கள் கழித்து அதே பெண்ணுக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை, வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்றில் வசூல் பிரிவில் இருப்பவர். அவருடைய வேலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த வலீமாவில் நானும் பிரியாணி உண்டு வந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நஜீஸ் என்பது இழிவா?

நாயின் எச்சில் நஜீஸ் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்ற நபிமொழியையும் அறிவோம். ஆனால் நஜீஸ் என்பது கழுவுவதற்கான சட்டம். வெறுப்பதற்கான சட்டம் அன்று. இரத்தமும் சிறுநீரும் நஜீஸ்தான். அவற்றோடு நாள் முழுதும் புழங்கும் செவிலியருக்கு நாம் பெண் கொடுக்கவில்லையா? பிள்ளையின் மலத்தைத் துடைக்கும் தாயின் கையை முத்தமிடுவதில்லையா? மேலும், மேற்சொன்ன இளைஞர் நாயைத் தொட்டதே இல்லை. அவர் தொட்டது தொலைபேசியை.

நாயைக் குறிப்பிடும் இடங்களில் குர்ஆன் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தரும் இரையை அல்லாஹ் ஹலாலாக்கினான் (5:4). குகைவாசிகளோடு அவர்களுடைய நாயும் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்ததை வேதத்தில் நிலைபெறச் செய்தான் (18:18). தாகத்தால் நாக்குத் தொங்கிய நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஒரு பாவியான பெண்ணின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியும் அங்கேயே இருக்கிறது.

“மதீனாவில் நாய்களைக் கொல்லச் சொன்னார்களே” என்று சிலர் வாதிடுவர். பின்னர் அக்கட்டளையை நபியவர்கள் தடுத்து, விதிவிலக்கை மட்டும் நிறுத்திக்கொண்ட செய்தியும் அதே முஸ்லிமில் உள்ளது. பாதியை மட்டும் ஓதுவது மார்க்கம் ஆகாது. கடித்துக் குதறும் வெறிநாயைக் கொல்ல ஹரம் எல்லைக்குள்ளும் அனுமதி உண்டு. மனித உயிர் முதன்மையானது என்பதே அதன் பொருள். ஆக, எந்த நாய் ஆபத்தானது, எது அன்று எனப் பிரித்தறிவதை மார்க்கமே கோருகிறது. அவ்வாறு பிரித்தறியும் முதல் மனிதர், தொலைபேசியை எடுப்பவர்தாம்.

அந்த நாற்காலியின் பொறுப்பு

“அண்ணே, நாய் கடிச்சிடுச்சு!” என்ற அலறலோடு அழைப்பு வரும். எந்த ஊர், எந்தத் தெரு, அருகில் அடையாளம் என்ன, கடிபட்டவருக்கு என்ன வயது, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். நாய் இன்னும் அங்கே இருக்கிறதா, எச்சில் ஒழுகத் தள்ளாடுகிறதா, காரணமின்றி எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கிறதா என்று அறிய வேண்டும். அடுத்த அழைப்பில் ஒரு வீட்டுக்குள் பாம்பு. “அடிக்காதீர்கள், விலகி நில்லுங்கள், எங்கே நுழைகிறது என்று மட்டும் பாருங்கள்” என்று பதறுபவரை அடக்க வேண்டும். ஒரே வண்டியை முதலில் எங்கே அனுப்புவது என்று உடனே முடிவெடுக்க வேண்டும். பிழைத்தால் ஓர் உயிர் போகும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் எனும் வசனத்தை (5:32) மேடைதோறும் சொல்கிறோமே, அது இந்த நாற்காலிக்குப் பொருந்தாதா?

வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபடுவோரில் பத்தில் நால்வர் 15 வயதுக்குட்பட்ட சிறார். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். இருந்தும் காயத்தில் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் அப்பி, ஓதிப் பார்த்துவிட்டு வீட்டில் படுக்க வைப்போர் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஓதுங்கள், ஊசிக்குப் போகும் வழியில் ஓதுங்கள்.

நம் மாவட்டத்தில் இத்தேவை இன்னும் பெரிது. போச்சம்பள்ளி சிப்காட்டில் இரவுப் பணி முடித்து வரும் பெண்களையும், இருசக்கர வாகனத்தில் திரும்பும் இளைஞர்களையும் நாய்கள் துரத்துகின்றன. வடக்கே ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் எழும் எச்சரிக்கை, இப்பால் தமிழிலும் தெலுங்கிலும் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் நம் பகுதியில் எல்லா விலங்குகளுக்கும் ஒரே எண் இல்லை. பாம்புக்குத் தீயணைப்புத் துறை, யானைக்கும் சிறுத்தைக்கும் வனத்துறை, நாய்க்கு உள்ளாட்சி, கால்நடைக்கு 1962. பதற்றத்தில் இருப்பவருக்கு இது எங்கே நினைவிருக்கும்? நான்கு மொழி அறிந்த நம் பிள்ளைகளைவிட இப்பணிக்குப் பொருத்தமானவர் யார்? அவர்களைத்தான் “நஜீஸ்” என்று சொல்லி விலக்குகிறோம்.

கொன்றால் தீருமா?

“எல்லாவற்றையும் விஷம் வைத்துக் கொல்லுங்கள்” என்பது நம் தெருக்களில் எளிதாகக் கேட்கும் குரல். சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் கொன்று பார்த்தது, நாய்கள் குறையவில்லை. 1996-இல் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. 1910-இல் இஸ்தான்புல்லின் தெருநாய்களை ஆளற்ற தீவில் கொண்டுபோய் விட்டனர். அவை பட்டினியில் ஊளையிட்டுச் செத்தன. கிலாஃபத்தின் தலைநகரில் நிகழ்ந்த அந்தக் கொடுமையை மக்கள் நெடுங்காலம் மறக்கவில்லை. இரை கிடைக்கும் வரை, கொன்ற நாயின் இடத்தில் தடுப்பூசி போடாத வேறு நாய் வந்து நிற்கும். 

விலங்குப் பிரியர்களின் கண்மூடித்தனத்தையும் நான் ஏற்கவில்லை. குழந்தையின் உயிர் நாயின் உரிமையைவிட மேலானது. உச்ச நீதிமன்றம் 22-8-2025 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிபிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. 7-11-2025 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்கக் கட்டளையிட்டது. இவற்றை நிறைவேற்றவும், புகாரைப் பதிந்து ஆளனுப்ப ஒருவர் வேண்டுமே!

குற்றவாளிக் கூண்டில் நாமும்

கசப்பான ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாய்களைப் பெருக்குவது யார்? கறிக்கடைக் கழிவை இரவில் சாலையோரம் கொட்டுவோர் யார்? வலீமா முடிந்ததும் எலும்பையும் சோற்றையும் மண்டபத்தின் பின்னால் வீசுவோர் யார்? ஹஜ்ஜுப் பெருநாளன்று குடலையும் தோலையும் கால்வாயில் தள்ளிவிட்டு, மறுநாள் “நாய்த் தொல்லை” என்று மனு எழுதுவோர் யார்? நாம் மட்டும் அல்லர், ஆனால் நாமும்தான். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்த சமுதாயம், தொல்லையைப் பாதையில் கொட்டுகிறது.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள்: மஸ்ஜிதின் அறிவிப்புப் பலகையில் 101, 108, 1962 ஆகியவற்றோடு நம் பகுதி வனத்துறை, உள்ளாட்சி அலுவலக எண்களையும் எழுதி வையுங்கள். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கழிவைப் புதைக்க ஓர் இடமும் குழியும் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு ஜும்ஆவிலாவது சோப்பையும் தடுப்பூசியையும் பற்றிப் பேசச் செய்யுங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். நடுநிசியில் உங்கள் பேரனை நாய் கடித்தால், நீங்கள் நடுங்கும் கையோடு அழைப்பது வட்டி வசூலிப்பவரை அன்று. மறுமுனையில் “பயப்படாதீங்க பாய், முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்று ஒரு குரல் கேட்கும். அது நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிள்ளையின் குரலாக இருக்கலாம்.

நஜீஸைக் கழுவத் தண்ணீரும் மண்ணும் போதும். நம் ஆணவத்தைக் கழுவ அல்லாஹ்வே தௌஃபீக் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.